எம்.எல்.ஏ. படத்தில் நெல் காயுமா?



போன குறுவை அறுவடையின்போது எங்க ஊரில் நெல் கொள்முதல் நிலையம் திறந்தார்கள். எம்.எல்.ஏ. வந்தார். அவருக்கு முன்னாலேயே ஒரு காரில் மூன்று பையன்கள் வந்து இறங்கினார்கள். ஒருத்தன் கையில் கேமரா, இன்னொருத்தன் கையில் ட்ரோன், மூன்றாவது பையன் கையில் செல்போனும் ஒரு குச்சியும். முதல் மூட்டையைத் தராசில் ஏற்றுகிற மாதிரி எம்.எல்.ஏ. நிற்க வேண்டும். வெயில் முகத்தில் அடிக்கிறது, மூட்டையை அந்தப் பக்கம் வையுங்கள் என்றான் கேமரா பையன். சுமைதூக்கும் தொழிலாளி தூக்கி வைத்தார். கட்சிக்காரர் ஒருவர் குறுக்கே நின்றுவிட்டார் என்று மறுபடியும் தூக்கச் சொன்னான். மூன்றாம் தடவை அந்த மனுஷன் கேட்டே விட்டார்: "தம்பி, நெல்லு எடை போடணுமா, படம் புடிக்கணுமா?"

படம் அன்று சாயங்காலமே ஊரெல்லாம் எல்லார் செல்போனிலும் வந்துவிட்டது. பின்னாடி பாட்டு, மேலே "உழவர்களின் தோழன்" என்று எழுத்து. நல்லாத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. மறுநாளிலிருந்து சாக்கு இல்லை. சாக்கு வந்தபோது லாரி இல்லை. லாரி வருவதற்குள் மழை வந்தது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டோம் என்று திருப்பினார்கள். தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிட்டதை நாமே நின்று பார்த்தோம். எம்.எல்.ஏ. நம்பருக்குப் போன் போட்டால் உதவியாளர் எடுக்கிறார். "அண்ணன் மீட்டிங்ல இருக்காங்க, வாட்ஸ்அப்ல போட்டுவிடுங்க." போட்டோம். நீல டிக் விழுந்தது. முளைத்த நெல்லைப் படம் பிடிக்க அந்த மூன்று பையன்களும் வரவில்லை.

அந்தப் பையன்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. அதில் ஒருத்தன் விவசாயி மகன்தான். படித்து முடித்து வேலை கிடைக்காமல் இந்த வேலைக்கு வந்திருக்கிறான். நாம் கேட்பது வேறு. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவருக்குத் தன் பேரைப் பரப்ப மூன்று ஆள் இருக்கிறார்கள். நம் மனுவைப் படித்துப் பதில் போட ஒரு ஆள் ஏன் இல்லை?

முன்பெல்லாம் சுவரில் சுண்ணாம்பு அடித்து எழுதுவது, ஆட்டோவில் மைக் கட்டுவது, டீக்கடையில் வாதாடுவது எல்லாம் கட்சித் தொண்டன் வேலை. கொள்கை சரியோ தப்போ, நம்பித்தான் செய்தான். இன்றைக்கு அது சம்பளத்துக்குச் செய்கிற தொழிலாகிவிட்டது. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் மோடிக்கு வேலை பார்த்த பிரசாந்த் கிஷோர், 2015-ல் பீகாரில் நிதிஷ்குமாருக்கு வேலை பார்த்தார். 2021-ல் மேற்கு வங்கத்தில் மம்தாவுக்கும் இங்கே தி.மு.க.வுக்கும் பார்த்தார். வக்கீல் மாதிரி அதுவும் ஒரு தொழில் என்பார்கள். இருக்கட்டும். பெரிய கட்சி பெரிய கம்பெனியை வைத்தால், தொகுதிப் பிரமுகர் நாலு பையன்களை வைக்கிறார். அந்தச் செலவை எங்கிருந்து எடுக்கிறார் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சட்டமன்றத் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். ஒற்றை ஆள் எல்லாரிடமும் பேச முடியாது. சபையில் என்ன நடந்தது, எந்தத் திட்டம் வந்தது, எந்தத் தேதிக்குள் யாரிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்பதை மக்களுக்குச் சொல்ல ஆள் தேவைதான். விளக்கமாகச் சொல்வதை நாம் எதிர்க்கவில்லை. அமெரிக்காவில் கீழ்ச்சபை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அரசுச் செலவில் 18 நிரந்தர ஊழியர்கள் வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. கடிதத்துக்குப் பதில் போடுவதும், மசோதாவைப் படித்துக் குறிப்பு எடுப்பதும், பென்ஷன் வராதவருக்காக இலாகாவோடு மல்லுக்கட்டுவதும் அவர்கள் வேலை. ஆனால் அரசுக் காசில் தொகுதி மக்களுக்கு மொத்தமாகக் கடிதம் அனுப்பினால் அதில் கட்சிப் பிரசாரம் இருக்கக் கூடாது. அதைப் பார்ப்பதற்கே சபையில் ஒரு குழு உண்டு. அந்த ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. மக்களுக்குச் சேதி சொல்வது வேறு, தன்னைத்தானே புகழ்வது வேறு என்று ஒரு கோடாவது போட்டு வைத்திருக்கிறார்கள்.

இங்கே எம்.பி.க்கு என்ன கொடுக்கிறார்கள்? 2025 மார்ச்சில் வந்த உத்தரவுப்படி, 2023 ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு, மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய். தொகுதிப் படி 87,000. அலுவலகச் செலவுக்கு 75,000. அந்த 75,000-ல் 50,000 ரூபாய் கம்ப்யூட்டர் தெரிந்த உதவியாளரின் சம்பளத்துக்கு. ஆக, நம் கடிதத்தைப் படித்துப் பதில் அடிக்க ஆள் வைத்துக்கொள்ள நாம்தான் காசு கொடுக்கிறோம். உங்கள் ஊரில் யாருக்காவது எம்.பி. ஆபீசிலிருந்து பதில் கடிதம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் கொண்டு வந்து காட்டுங்கள், அடுத்த துண்டறிக்கையில் அவரைப் பாராட்டி நாமே எழுதுவோம்.

அடுத்து கல்வெட்டு. பேருந்து நிழற்குடையைப் பாருங்கள், தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். "மாண்புமிகு இன்னார் தமது தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து" என்று இருக்கும். "தமது" என்றால் யாருடையது? பூர்வீகச் சொத்தா? எம்.பி. நிதி 1993 டிசம்பரில் ஆரம்பித்தது. முதலில் ஒரு எம்.பி.க்கு 5 லட்சம், 1994-95-ல் 1 கோடி, 1998-99-ல் 2 கோடி, 2011-12-லிருந்து வருஷத்துக்கு 5 கோடி. எம்.பி. இந்த வேலையைச் செய்யுங்கள் என்று சிபாரிசு செய்கிறார், அவ்வளவுதான். அனுமதி கொடுப்பதும் பணம் விடுவிப்பதும் மாவட்ட நிர்வாகம். பணம் வரிப்பணம், நாம் வாங்குகிற டீசலிலும் தீப்பெட்டியிலும் போன பணம். பேர் வைத்துக் கல்வெட்டு வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, அதனால் கல்வெட்டைப் பற்றிச் சண்டை வேண்டாம். அந்தக் கல்வெட்டோடு ஃபிளக்ஸ், ஃபிளக்ஸோடு வீடியோ, வீடியோவோடு "வாரி வழங்கிய வள்ளல்" என்று போடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் இதை ஒரு முறை தொட்டுப் பார்த்தது. அரசு விளம்பரத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி தவிர வேறு யார் படமும் கூடாது என்று 2015 மே 13-ல் தீர்ப்பு வந்தது. மாநில அரசுகள் விடுமா? மறு ஆய்வுக்குப் போனார்கள். 2016 மார்ச்சில் முதலமைச்சர், கவர்னர், மந்திரிகள் படமும் போடலாம் என்று தளர்த்திக் கொடுத்துவிட்டார்கள். மத்தியில் ஆள்பவர், மாநிலத்தில் ஆள்பவர் என்ற வித்தியாசமெல்லாம் இந்த விஷயத்தில் கிடையாது.

இந்த விளம்பரத்தால் நமக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். 2020-ஐ நினைத்துப் பாருங்கள். மூன்று வேளாண் சட்டங்கள் ஜூனில் அவசரச் சட்டமாக வந்தன. செப்டம்பர் 20-ல் மாநிலங்களவையில், ஓட்டெடுப்பு நடத்துங்கள் என்று எதிர்க்கட்சிகள் கத்தக் கத்த, அவற்றில் இரண்டைக் குரல் ஓட்டில் நிறைவேற்றினார்கள். டி.வி. நேரலையில் கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை, படம் மட்டும் ஓடியது. குரல் ஓட்டு என்றால் யார் எந்தப் பக்கம் என்று பேர்வாரியாகப் பதிவு இருக்காது. பதிவு இல்லாத இடத்தில்தான் விளம்பரக்காரனுக்கு நல்ல அறுவடை! சபைக்குள் தலையாட்டியவர் ஊருக்கு வந்து பச்சைத் துண்டு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம், யாரும் மடக்க முடியாது.

டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகள் அதைப் புரிந்துகொண்டார்கள். அவர்களைத் தீவிரவாதி என்றும் தரகர் என்றும் டி.வி.யில் சொன்னபோது, 2020 டிசம்பரில் "டிராலி டைம்ஸ்" என்று சொந்தப் பத்திரிகையே போட்டார்கள். பஞ்சாபியிலும் இந்தியிலும் அச்சடித்து டிராக்டர் டிராக்டராகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். செல்போனில் தங்கள் சேதியைத் தாங்களே போட்டார்கள். 2021 நவம்பர் 29-ல், கொண்டு வந்த அதே சபையில், விவாதம்கூட இல்லாமல் சட்டங்களை வாபஸ் வாங்கினார்கள். ஒரு வருஷம் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்ததுதான் முக்கியக் காரணம், பத்திரிகை மட்டும் என்று சொல்ல மாட்டேன். 2017-ல் நம்ம பக்கத்து விவசாயிகள் மண்டை ஓட்டோடு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது கேலி பேசியவர்கள் உண்டு. எலும்பைக் காட்டினால்தான் கேமரா திரும்பும் என்று ஆக்கியது யார்?

நம் எம்.பி.க்கு ஒரு சுலபமான வேலை இருக்கிறது. மக்களவையில் கேள்வி கேட்க ஒரு பைசா செலவு இல்லை. 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு நாளைக்கு 20 கேள்விக்கு மந்திரி எழுந்து நின்று பதில் சொல்வார், 230 கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்ட கடிதம் எங்கே நிற்கிறது, பயிர்க் காப்பீட்டுப் பணம் ஏன் வரவில்லை என்று கேட்டால் அரசு எழுத்தில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பதிலை அந்த மூன்று பையன்களும் தமிழில் போட்டு ஊரெல்லாம் அனுப்பட்டும். அப்படி ஒரு வீடியோ வந்தால் நானே நாலு பேருக்கு அனுப்புவேன்.

அதனால் சங்கம் கேட்பது இதுதான். மாதம் ஒரு முறை, வந்த மனு எத்தனை, பதில் போட்டது எத்தனை, சபையில் கேட்ட கேள்வி என்னென்ன என்று ஒரே ஒரு தாளில் அச்சடித்து ஒவ்வொரு ஊராட்சி ஆபீசிலும் ஒட்ட வேண்டும். படம் வேண்டாம். விளம்பரப் பையன்களின் சம்பளம் யார் கொடுப்பது என்றும் அதில் எழுத வேண்டும்.

வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போட எல்லாரும் வாருங்கள். பொம்பளையாட்களும் கட்டாயம் வர வேண்டும், போன தடவை கையெழுத்துப் போதவில்லை. நம் ஒன்றியத்தில் தொகுதி நிதியில் நடந்த வேலை என்னென்ன, எவ்வளவு தொகை, யார் காண்ட்ராக்ட் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதற்கு மனு எழுதித் தயாராக வைத்திருக்கிறோம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், 30 நாளில் பதில் வர வேண்டும். ஊருக்கு ஒருத்தர் பேரில் போட வேண்டும் என்பதால், கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க ஆபீசுக்கு ரேஷன் கார்டு நகலோடு வந்துவிடுங்கள்.