தனியாக வந்தால் அறை கிடையாதா?



தனிப் பயணம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை ஊர்களை அழகாகச் சொன்னது. இரவில் எங்கே தங்குவது என்பதைத் தொடவில்லை. ஸ்கூட்டரில் தனியே ஊர் சுற்றும் எனக்கு அதுதான் முதல் கவலை. ஆதார் அட்டையை நீட்டினாலும், "கூட யாரும் வரலையாம்மா? சிங்கிளுக்கு ரூம் தர்றதில்ல" என்று கைவிரிக்கும் லாட்ஜுகள் கோயில் ஊர்களில்கூட உண்டு. ரயில் நிலைய ஓய்வறைக்கு இணையத்தில் பதிவுசெய்ய ரயில் பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண் வேண்டும், சாலைவழி வருபவர் அதற்கு எங்கே போவது? அரசின் 'தோழி' விடுதிகள் நல்ல முயற்சி, ஆனால் அவை முதன்மையாக வேலைக்குப் போகும் பெண்களுக்கானவை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல்களில் தனியாக வரும் பெண்களுக்கென ஓரிரு அறைகளை இரவு 10 மணி வரையாவது ஒதுக்கி வைக்கலாம். தனியாள் என்பதற்காக மட்டும் அறை மறுக்கக் கூடாது என்று லாட்ஜுகளுக்குச் சுற்றுலாத் துறை எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்த வேண்டும்.

— ஒரு வாசகி, மதுரை