பிழைக்கத் தெரியாத மனிதரா?

தப்பிக்க வழி இருந்தும் ஒருவர் ஜெயிலுக்குப் போனால், பிழைக்கத் தெரியாதவர் என்போம். கார்ல் ஃபொன் ஒஸியெட்ஸ்கி என்ற ஜெர்மன் பத்திரிகை ஆசிரியரைப் பற்றிச் சொன்னபோது என் நண்பர் ஒருவரும் அதைத்தான் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1889இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். இரண்டு வயதில் தகப்பனாரை இழந்தார். படிப்பும் சரியாக ஏறவில்லை. நீதித்துறை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் கட்டு சுமந்த எனக்கு, இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் மேல் தனிப் பிரியம். முதல் உலகப் போரில் சிப்பாயாகப் போய், போரே கூடாது என்ற முடிவோடு திரும்பினார். 1927இல் பெர்லினில் 'டி வெல்ட்பூனே' என்ற வாரப் பத்திரிகைக்கு ஆசிரியரானார்.

1929 மார்ச்சில் அதில் ஒரு கட்டுரை வந்தது. வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனி விமானப்படை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ரகசியமாகத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அதைத்தான் வால்டர் கிரைசர் என்பவர் எழுதினார். எழுதியவர், வெளியிட்டவர் இருவர் மீதும் வழக்கு. கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்து, 1931 நவம்பரில் ஆளுக்குப் பதினெட்டு மாதம் தீட்டினார்கள். எழுதியது பொய் என்பதற்காக அல்ல, நிஜம் என்பதற்காக.

கிரைசர் பிரான்சுக்குப் போய்விட்டார். ஒஸியெட்ஸ்கி போகவில்லை. எல்லைக்கு அப்பால் நின்று பேசுகிறவன் பேச்சு சொந்த ஊரில் எடுபடாது என்பது அவர் கட்சி. 1932 மே 10ஆம் தேதி தானாகவே டேகல் சிறைக்குள் போனார். இதை அசட்டுத்தனம் என்று எப்படிச் சொல்வது? குற்றமே செய்யவில்லை என்று நினைக்கிறவன் எதற்கு ஓட வேண்டும்?

227 நாள் கழித்து, கிறிஸ்துமஸ் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். அடுத்த மாதமே ஹிட்லர் பதவிக்கு வந்துவிட்டார். அப்போதும் இவர் நகரவில்லை. இந்த இரண்டாவது தங்கலை நான் அவ்வளவாகத் தூக்கிப் பேச மாட்டேன். நாஜிகள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று அவர் சரியாகக் கணக்குப் போடவில்லை. பிப்ரவரி 28 விடிவதற்குள், நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த சூட்டோடு, பிடித்துக்கொண்டு போனார்கள். பதின்மூன்று வயது மகள் இங்கிலாந்தில் போய்ப் படிக்க வேண்டியதாயிற்று. அப்பாவின் பிடிவாதத்துக்கு அந்தக் குழந்தையும் விலை கொடுத்தாள். நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறதென்றால் இந்த இடத்தில்தான்.

ஸோனன்பர்க், எஸ்டர்வேகன் என்று வதைமுகாம்கள். அடி, உதை, சதுப்பு நிலத்தில் வேலை, காசநோய். 1935இல் செஞ்சிலுவைச் சங்கத்துப் புர்க்ஹார்ட் போய்ப் பார்த்தபோது ஆள் பாதி உயிராக இருந்தார். 1935ஆம் வருஷத்து அமைதி நோபல் பரிசை 1936 நவம்பரில் அவருக்கு அறிவித்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடு என்று கோரிங் நெருக்கினார். படுத்த படுக்கையாகக் கிடந்த மனிதர், ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்! ஆஸ்லோவுக்குப் போகத்தான் விடவில்லை. அதற்குப் பிறகு ஜெர்மானியர் யாருமே நோபல் வாங்கக் கூடாது என்று ஹிட்லர் உத்தரவு போட்டார். பரிசுப் பணத்தையோ ஒரு வக்கீல் சுருட்டிக்கொண்டார். (எந்த ஊரானால் என்ன!) 1938 மே 4, பெர்லின் ஆஸ்பத்திரி ஒன்றில், போலீஸ் காவலிலேயே காலமானார். வயது 48.

எனக்கு ஆறாதது இதற்குப் பிறகு நடந்ததுதான். அந்த 1931 தீர்ப்பை மறுபடி விசாரியுங்கள் என்று மகள் கோர்ட்டுக்குப் போனார். புதிய சாட்சியம் இல்லை என்று 1992இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. சட்டப் புத்தகத்தைப் பிரித்தால் அது சரியாகக்கூட இருக்கலாம். மறு விசாரணை மனுக்கள் எப்படித் திரும்பி வரும் என்று கட்டு தூக்கியவனுக்குத் தெரியாதா? ஆனால் அந்த ரகசிய விமானங்கள் பிறகு எந்தெந்த ஊர்கள் மேல் பறந்தன என்பதைவிடப் புதிய சாட்சியம் இன்னும் என்ன வேண்டும்?

ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். தபால்தலையும் போட்டார்கள். கோர்ட் பதிவேட்டில் மட்டும் அவர் இன்றைக்கும் ராணுவ ரகசியத்தைக் காட்டிக்கொடுத்த குற்றவாளி.