நடுங்கும் காற்றும் நேரிய நோக்கும்

விண்மீன்கள் கண் சிமிட்டுகின்றன என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். உண்மையில் அவை சிமிட்டுவதில்லை. பல ஆண்டுகள், சில வேளை பல கோடி ஆண்டுகள், வெற்றிடத்தில் நேராக வந்த ஒளி, பூமியின் காற்று மண்டலத்தைக் கடக்கும் கடைசிக் கணத்தில்தான் அலைக்கழிக்கப்படுகிறது. மேலே சூடும் குளிருமான காற்றுத் திரள்கள் ஓயாமல் புரண்டுகொண்டிருக்கின்றன. கோடை நண்பகலில் தார்ச் சாலையின் கோடியில் வரும் பேருந்து நெளிந்து நெளிந்து தோன்றுவதை எல்லாரும் கண்டிருக்கிறோம். விண்மீன் சிமிட்டுவதும் அதே காரணத்தால்தான்.

அந்தச் சிமிட்டலை அடக்கி, கோடானுகோடி விண்மீன்கள் கூடிய தொலைதூர விண்மீன் திரள்களைத் தெளிவாகப் பார்க்க வழி கண்டவர்களுள் முன்வரிசையில் ஒரு பெண்மணி நிற்கிறார். அவர் அமெரிக்க வானவியலார் கிளேர் மாக்ஸ். அவருடைய பணியை முன்னிட்டு, பத்தாம் வகுப்பை முடித்து மேனிலைப் பிரிவைத் தேர்ந்தெடுக்க நிற்கும் தங்கையருக்கும், அவர்கள் சார்பில் முடிவெடுக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். இயற்பியலும் கணிதமும் கருவி செய்யும் வேலையும் பெண் பிள்ளைகளுக்கு ஒத்துவராதவை என்ற எண்ணம் இனியும் நம் வீடுகளில் நீடிக்கக்கூடாது.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். காற்றின் நடுக்கம் தொலைநோக்கியின் பார்வையைக் கெடுக்கிறது என்பதை நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே எழுதிவிட்டார். உயர்ந்த மலையுச்சிகளில் காற்று அமைதியாக இருக்கும், அங்கே சென்று பார்ப்பதே வழி என்பது அவர் முடிவு. வானவியலார் மலையேறினார்கள், பெரிய பெரிய ஆடிகளையும் செய்தார்கள். ஆயினும் தொல்லை தீரவில்லை. 10 மீட்டர் ஆடி மிகுந்த ஒளியைத் திரட்டித் தரும். ஆனால் காற்று நடுங்கும் வரையில், நுட்பமாகப் பிரித்துக் காட்டுவதில் அது கையகலத் தொலைநோக்கியை விட அதிகம் மேம்பட்டதாக இராது.

1953இல் ஹொரேஸ் பாப்காக் என்ற அமெரிக்க வானவியலார் ஒரு யோசனையை வெளியிட்டார். காற்றை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் அது ஒளியை எவ்வளவு கோணலாக்குகிறது என்பதை அளக்கலாம் அல்லவா? அளந்து, அதற்கு நேர் எதிரான கோணலைக் கருவிக்குள்ளேயே உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடும் அல்லவா? இதுவே அடாப்டிவ் ஆப்டிக்ஸ், அதாவது தகவமைப்பு ஒளியியல். வளையக்கூடிய மெல்லிய ஆடி ஒன்றின் முதுகில் நூற்றுக்கணக்கான சிறு தாங்கிகள் இருக்கும். கணிப்பொறி ஒன்று ஒளியின் கோணலை நொடிக்குப் பல நூறு முறை அளந்து, அத்தாங்கிகளை நூலிழையிலும் மிக நுண்ணிய அளவுக்குத் தள்ளவும் இழுக்கவும் செய்யும். தையல் வகுப்பில், ஓரம் கோணிப்போன துணியை எதிர்ப்பக்கமாக இழுத்துப் பிடித்து நேராக்குகிறோமே, அதைப் போன்றதுதான் இது. வேகந்தான் வேறு.

பாப்காக் எழுதிய நாளில் அத்தகைய வேகமுள்ள கருவிகள் இல்லை. பின்னர் அவை வந்தபோதும் மற்றொரு தடை நின்றது. கோணலை அளப்பதற்கு, பார்க்க வேண்டிய பொருளின் அருகிலேயே பளிச்சென்ற விண்மீன் ஒன்று வேண்டும். விண்மீன் திரள்களோ மிக மங்கலானவை. வானத்தின் பெரும்பகுதியில் அவற்றின் பக்கத்தில் அப்படிப்பட்ட வழிகாட்டி விண்மீன் கிடையாது. இல்லாத விண்மீனுக்கு எங்கே போவது?

இங்குதான் கிளேர் மாக்ஸ் வருகிறார். 1946இல் பிறந்த அவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்மா, லேசர் பற்றிய ஆய்வுகளில் ஈடுபட்டிருந்தார். அமெரிக்க அரசுக்கு ஆலோசனை கூறும் ஜேசன் என்ற அறிவியலாளர் குழுவில் 1983இல் சேர்ந்த முதல் பெண் உறுப்பினரும் அவரே. பூமிக்கு மேலே சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில், எரிகற்கள் விட்டுச்சென்ற சோடியம் அணுக்கள் ஒரு மெல்லிய படலமாகப் பரவியிருக்கின்றன. தகுந்த மஞ்சள் நிற லேசர் கதிரை மேலே செலுத்தினால் அந்த அணுக்கள் ஒளிரும். வானில் விரும்பிய இடத்தில் ஒரு செயற்கை விண்மீனை ஏற்றிவிடலாம்! வில்லியம் ஹாப்பர் கூறிய இந்த யோசனையை ஆராய்ந்து வளர்த்த குழுவில் மாக்ஸும் இருந்தார்.

ஆனால் அது இராணுவத்துக்குப் பயன்படும் என்று இரகசியமாக வைக்கப்பட்டது. 1985இல் பிரான்ஸ் நாட்டு வானவியலார் இருவர் தாங்களாகவே ஏறக்குறைய அதே கருத்தை எட்டி, உலகறிய வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 1991இல்தான் இரகசியத் திரை விலகியது. அதன்பின் மாக்ஸும் அவருடைய தோழர்களும், 1990களின் நடுவில், லிக் வானாய்வு நிலையத்தின் 3 மீட்டர் தொலைநோக்கியில் சோடியம் லேசரைப் பொருத்தினார்கள். ஹவாய்த் தீவின் மௌனா கீ மலையில், 4,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள கெக் தொலைநோக்கிக்கும் அது அடுத்துச் சென்றது. அறிவை அறைக்குள் பூட்டி வைப்பதால் நேரும் இழப்பை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு சான்று வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

இந்தக் கருவியைக் கொண்டு அவர் கண்டது என்ன? சர்ப்பதாரி என்னும் விண்மீன் குழுவின் பக்கம், 30 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால், என்.ஜி.சி. 6240 என்ற எண்ணால் குறிக்கப்படும் ஒரு விண்மீன் திரள் இருக்கிறது. இரண்டு திரள்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் காட்சி அது. அதனுள்ளே ஒன்றல்ல, இரண்டு இராட்சதக் கருந்துளைகள் இருப்பதைச் சந்திரா என்ற எக்ஸ்-கதிர் விண்கலம் 2002இல் காட்டிக் கொடுத்தது. (அந்த விண்கலம் நம் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது என்பதை இங்கு மகிழ்ச்சியுடன் நினைவுகூர்கிறோம்.) ஆனால் தூசுப் படலங்களுக்கிடையே அவை சரியாக எந்த இடத்தில் இருக்கின்றன என்பது விளங்கவில்லை. மாக்ஸும் உடன் ஆய்ந்த இருவரும், கெக் தொலைநோக்கியின் திருத்தப்பட்ட பார்வையில் கிடைத்த அகச்சிவப்புப் படங்களை, பிற கருவிகள் எடுத்த படங்களோடு பொருத்தி, அவ்விரு கருந்துளைகளின் இடங்களையும் 2007இல் குறித்துக் கொடுத்தார்கள். திரள்கள் எப்படி மோதி, இணைந்து, வளர்கின்றன என்ற பெரிய கேள்விக்கு இது ஒரு முக்கியமான துணை. இதே கெக் மலையில், இதே நுட்பத்தின் துணையுடன், நம் சொந்தப் பால்வீதியின் நடுவில் சூரியனைப் போல் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள பொருள் இருப்பதை நிலைநாட்டிய ஆண்ட்ரியா கெஸ் என்ற மற்றொரு பெண்மணி, 2020ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். "பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வி, அன்பினால்தான் கேட்கப்படுகிறது என்பதை அறிவோம். அதற்குள் மூன்று அச்சங்கள் இருக்கின்றன.

முதல் அச்சம், இரவு வேலை. அமெரிக்காவிலேயே பாலோமர் வானாய்வு நிலையத்தில் 1965இல்தான் வேரா ரூபின் என்ற பெண் முறையான அனுமதி பெற்றுத் தொலைநோக்கியில் அமர முடிந்தது. ஆனால் ஒன்று கேட்கிறோம்: மருத்துவமனைகளில் இரவெல்லாம் விழித்து நோயாளியின் தலைமாட்டில் நிற்பவர்கள் யார்? செவிலியரும் அருட்சகோதரியரும் அல்லவா? நோயாளிக்காக விழித்திருக்கப் பெண்ணுக்குத் துணிவு உண்டு, விண்மீனுக்காக விழித்திருக்க இல்லை என்பது என்ன நியாயம்?

இரண்டாவது, அது பெண்களுக்குப் பழக்கமில்லாத துறை என்பது. இதற்குப் பதில் நம் திருச்சபையிலேயே இருக்கிறது. 1910 முதல் 1921 வரை, வத்திக்கான் வானாய்வு நிலையத்தில் எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலொம்போ, கொன்செட்டா ஃபினார்டி, லுயிஜியா பன்சேரி என்ற நான்கு அருட்சகோதரியர், கண்ணாடித் தகடுகளில் எடுத்த வானப் படங்களை உருப்பெருக்கியால் பார்த்து, ஏறத்தாழ 5 லட்சம் விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் குறித்தார்கள். பட்டியல் உலகெங்கும் பயன்பட்டது. அவர்களுடைய பெயர்கள் 2016இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தன. பெண்கள் அத்துறையில் இல்லாமல் இருந்ததில்லை. பெயர் சொல்லத்தான் உலகம் தாமதித்தது.

மூன்றாவது அச்சமே கனமானது. "குடிநீர்க் குழாயடியில் குடங்கள் வரிசையில் காத்திருக்கும் ஊரில், 30 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் என்ன நடந்தால் என்ன?" ஏழையின் குடத்தை மறந்த அறிவு நமக்கு வேண்டாம். ஆனால் அறிவு எந்த வாசல் வழியே வீட்டுக்குத் திரும்பி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. விண்மீனுக்காகச் செய்த இந்த நுட்பத்தை, 1990களில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் மனிதக் கண்ணின் பக்கம் திருப்பினார்கள். உயிருள்ள மனிதனின் விழித்திரையில் உள்ள தனித்தனி உயிரணுக்களைக் காண முடிந்தது. பின்னர் மாக்ஸ் தலைமை வகித்த தகவமைப்பு ஒளியியல் மையத்தில் வானவியலாரும் கண் ஆய்வாளரும் ஒரே கூரையின் கீழ்ப் பணிசெய்தார்கள். பார்வை மங்கி வரும் ஒரு பாட்டியின் கண்ணை ஆராயும் மருத்துவருக்கு வானம் உதவி செய்திருக்கிறது. அப்படி உதவாமற்போனாலும், இறைவன் படைத்ததை உள்ளபடி அறிய விரும்புவது ஒருவகை வணக்கமே என்று நம்புகிறோம்.

ஆகவே நம் வேண்டுகோள்கள் மூன்று. பெற்றோர்களே, உங்கள் மகள் கணிதமும் இயற்பியலும் கேட்டால், மதிப்பெண்ணைப் பாருங்கள், ஆர்வத்தைப் பாருங்கள். பெண் என்பதை மட்டும் காரணமாகக் காட்டாதீர்கள். ஆசிரியர்களே, அருட்சகோதரியரே, ஆய்வுக்கூடத்தில் எங்களைப் பார்வையாளராக நிறுத்தாமல், வில்லையையும் திருகாணியையும் எங்கள் கையில் கொடுங்கள். உடைந்தால் சரிசெய்யவும் கற்றுக் கொடுங்கள். பருவத்துக்கு ஓர் இரவேனும், அன்னையர் துணையுடன், பள்ளி மொட்டை மாடியில் வானம் பார்க்க அனுமதி தாருங்கள். தங்கையரே, கண்டுபிடித்தவரின் புகழை மட்டும் பார்த்து ஆசைப்படாதீர்கள். பார்வையைத் தெளிவாக்கும் கருவியைப் பல்லாண்டு பொறுமையுடன் செய்தவர்களும் கண்டுபிடித்தவர்களே.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லி முடிக்கிறோம். இந்த நுட்பம் காற்றைப் பழிப்பதில்லை. பார்வையில் ஏறிய குறையை முதலில் அளக்கிறது, பிறகு கருவியைத் திருத்துகிறது. பிறர் கண்ணில் உள்ள துரும்பையும் தன் கண்ணில் உள்ள உத்திரத்தையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். இரவுதோறும் மனச்சான்றை ஆராயும்படி சிறுவயதிலேயே நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். பெண் பிள்ளையின் திறமை மங்கலாகத் தெரிகிறதென்றால், மங்கல் பிள்ளையிடம் இருக்கிறதா, பார்க்கும் நம்மிடம் இருக்கிறதா என்று அவ்வேளையில் ஒரு முறை கேட்டுப் பார்ப்போம்.