சூரியனின் தீ நாக்கைக் கட்டி வைத்திருப்பது எது?

சூரியனின் விளிம்பில் சில சமயம் தீ நாக்குகள் எழும். முழுச் சூரிய கிரகணத்தின்போது அவை சிவப்பாகத் தெரியும். ஒரு தீ நாக்கின் நீளத்துக்குப் பல பூமிகளை வரிசையாக அடுக்கி வைக்கலாம். அவ்வளவு பெரியது!

பெயர்தான் தீ. உண்மையில் அது சுடர்விடும் வாயு. கீழே விழாமல் சில நாட்கள், சில வாரங்கள்கூட அந்தரத்தில் நிற்கிறது. அதைத் தாங்குவது எது? காந்த சக்தி!

அந்தக் காந்தத்தை விஞ்ஞானிகள் அளக்கிறார்கள். "இது எதற்கு? அந்தப் பணத்தில் நாலு ஊருக்குத் தண்ணீர்க் குழாய் போடலாமே!" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் இருக்கிறது.

இருண்ட மாகாணம்

1989-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி கனடா நாட்டின் கியூபெக் மாகாணம் திடீரென்று இருண்டது. 60 லட்சம் பேருக்குச் சுமார் 9 மணி நேரம் மின்சாரம் இல்லை. காரணம், சூரியனிலிருந்து பாய்ந்து வந்த வாயு மேகம்! காந்தக் கட்டு குலைந்தால், தீ நாக்கும் இப்படி விண்வெளியில் வீசி எறியப்படுவது உண்டு.

ஒளியே தூதன்

15 கோடி கிலோ மீட்டர் தூரத்தில் உள்ளதை எப்படி அளப்பது? ஒரு கயிற்றைச் சுவரில் கட்டி ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம். ஒளியும் இப்படி ஆடும் அலைதான். சாதாரண ஒளி எல்லாப் பக்கமும் ஆடும். தீ நாக்கில் பட்டுச் சிதறும் ஒளி, ஒரு பக்கமாகச் சற்று அதிகம் ஆடும். அங்கே காந்தம் இருந்தால் அந்த ஒழுங்கு குறையும். ஆடும் திசையும் திரும்பும். 1924-ல் இதற்கு விளக்கம் தந்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹான்லே.

இந்த மாற்றத்தைக் கொண்டு காந்தத்தைக் கணக்கிடுகிறார்கள். அமைதியான தீ நாக்குகளில் அது பெரும்பாலும் 3 முதல் 30 காஸ் வரை இருக்கிறது. பூமியின் காந்தமோ சுமார் அரை காஸ்தான்!

வருமுன் காப்போம்

1868 ஆகஸ்டு 18-ந் தேதி கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில், பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன் தீ நாக்கின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அது வாயு என்று தெரிந்தது. அன்று அதனால் யாருக்கும் காலணா லாபம் இல்லை. அதை வீண் வேலை என்று விட்டிருந்தால், இன்று காந்தத்தை அளக்க முடியுமா?

புயல் வருவதை முன்கூட்டியே சொல்லக் காற்றை அளக்கிறோம். சூரியப் புயலைச் சொல்லக் காந்தத்தை அளக்க வேண்டும். குழாயும் வேண்டும், இந்த அளவும் வேண்டும். மின்சாரம் நின்றால் குழாயில் தண்ணீர் ஏது?