கர்ப்பிணியின் உதிரப்போக்கும் நமது கடமையும்

கருவுற்ற பெண்ணொருத்தியின் சேலையில் சிறிது உதிரம் படிந்துவிட்டால் நம் வீடுகளில் நடப்பது யாது? முதலில் திகில், அடுத்தபடியாக விசாரணை. குடத்தைத் தூக்கினாயா, மாடிப்படி ஏறினாயா, பப்பாளி தின்றாயா என்று அவளையே குற்றவாளியாக்கி வினவுகிறார்கள். பிறகு ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகவோ, அதனருகே இரத்தம் கட்டியிருப்பதாகவோ தெரியவந்தால், அவளைப் பாயில் கிடத்திவிட்டு, செய்யவேண்டியதனைத்தையும் செய்துவிட்டதாகத் திருப்தியடைகிறார்கள். இவ்வழக்கம் அநீதியானது, அதனோடு அபாயகரமானதும் ஆகும் என்பது நமது அபிப்பிராயம்.

உதிரப்போக்கு அனைத்தும் ஒரே தன்மையுடையதன்று. முதல் மாதங்களில் கருவைச் சூழ்ந்த சவ்வுக்கும் கருப்பைச் சுவருக்கும் இடையே இரத்தம் கட்டுவதுண்டு. குழந்தையின் நாடித்துடிப்பு நன்றாயிருக்குமானால், பெரும்பாலும் அது தானே கரைந்து, கர்ப்பமும் நிலைத்துவிடுகிறது. இரண்டாவது, நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்துக்கொண்டிருக்கும் நிலை. பிற்பட்ட மாதங்களில் வலியேதுமின்றித் திடீரெனச் சிவந்த உதிரம் பெருகுவது இதன் அடையாளம். மூன்றாவது, பிரசவத்திற்கு முன்பே நஞ்சுக்கொடி சுவரினின்று பிரிந்துவிடுவது. இதில் வயிறு கல்லைப்போல் இறுகும், வலி கடுமையாயிருக்கும், உதிரமோ உள்ளேயே தேங்கி, வெளியில் சொற்பமாகவே தெரியக்கூடும். ஆகையால் சேலையில் கண்ட கறையைக்கொண்டு ஆபத்தை அளந்துவிட இயலாது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே காணப்பட்ட பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பிரசவத்திற்குள் அது மேலே போய்விடுகிறது. கருப்பையின் கீழ்ப்பாகம் வளர்ந்து நீள்வதே இதற்குக் காரணம். முடிவில் ஏறக்குறைய 200 பிரசவங்களில் ஒன்றிலேயே அது வாயை மறைத்து நிற்கிறது. எனவே ஐந்தாம் மாதத்தில் கலங்கி அழுவதற்குக் காரணமில்லை. 32-ஆவது வாரத்தில் மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளாதிருப்பதற்கோ மன்னிப்பில்லை.

'படுத்தே கிடந்தால் கரு நிலைக்கும்' என்ற நம்பிக்கையை ஆராய்ச்சிகள் ஆதரிக்கவில்லை. உதிரம் கண்ட காலத்தில் பாரமான வேலையையும் தாம்பத்திய உறவையும் தவிர்ப்பது பொருத்தமே. ஆனால் மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பதால் காலில் இரத்தம் உறையும் அபாயமும், மனச்சோர்வுமே மிஞ்சும். படிக்கட்டும் பப்பாளித்துண்டும் காரணமென்று கூறி ஒருத்தியின் மனத்தில் குற்றவுணர்ச்சியை விதைப்பது எவ்வளவு கொடுமை! காரணம் கூறவேண்டுமானால், உயர்ந்த இரத்த அழுத்தம், புகையிலை, வயிற்றில் விழும் அடி ஆகியவற்றைக் கூறட்டும். மனைவியை அடிக்கும் கணவன்மார் இதனைக் கவனிப்பார்களாக.

குடும்பத்தார் செய்யவேண்டுவது சில உண்டு. உதிரம் கண்டவுடன், அளவு சிறிதாயினும், ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். நஞ்சுக்கொடி எங்கிருக்கிறதென்று ஸ்கேனில் அறியுமுன் கைவிரலால் உட்பரிசோதனை செய்ய எவரையும் அனுமதிக்கலாகாது. அதுவே பெருவெள்ளத்தைத் திறந்துவிடக்கூடும். தாயின் இரத்தம் ஆர்.ஹெச். நெகடிவ் வகையாயின், அதற்குரிய ஊசியைப் பற்றி வைத்தியரிடம் கேட்கவேண்டும். நள்ளிரவில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, எவர் உடன் வருவது என்பதைப் பகலிலேயே தீர்மானித்து வைக்கவேண்டும். முன்பு சிஸேரியன் நடந்து, இம்முறை நஞ்சுக்கொடி கீழே இருப்பவள் பெரிய ஆஸ்பத்திரியிலேயே பிரசவிக்கவேண்டும். பழைய தழும்பில் நஞ்சுக்கொடி வேரூன்றிவிட்டால் உதிரத்தை நிறுத்துதல் அரிது. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவிகிதம் சிஸேரியனாயிருந்தமையால், இவ்வெச்சரிக்கை பல இல்லங்களுக்கு உரியது.

இனி சர்க்காரின் கடமைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2004-06-இல் 111 தாய்மார் மாண்டனர். 2018-20-இல் அத்தொகை 54 ஆயிற்று. ஊக்கத்துடன் உழைத்தால் யமனையும் பின்வாங்கச் செய்யலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆயினும் எஞ்சிய மரணங்களுக்கு உதிரப்பெருக்கு இன்னும் ஒரு முக்கிய காரணமாகவே இருக்கிறது. அதே ஆய்வு, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவிகிதத்தினர் இரத்தசோகையுற்றவர்கள் என்கிறது. உடலில் இரத்தமே குறைந்தவள் எவ்வளவு இழப்பைத் தாங்குவாள்? சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இரத்தம் இலவசமென்று மத்திய சர்க்கார் 2011-இல் திட்டம் வகுத்தது. தாலூகா ஆஸ்பத்திரியின் குளிர்பெட்டி காலியாயிருக்குமானால் அந்த இலவசத்தால் யாது பயன்? எந்நேரமும் இரத்தமும், மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரும் ஆங்கே தயாராயிருத்தல் வேண்டும்.

அவ்விரத்தத்தைச் சர்க்கார் உற்பத்தி செய்ய முடியாது; நாமே கொடுக்கவேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய, தேகாரோக்கியமுள்ள வாலிபர்கள் மூன்று மாதத்திற்கொருமுறையும், பெண்கள் நான்கு மாதத்திற்கொருமுறையும் இரத்தம் வழங்கலாம். ஒருமுறை எடுப்பது பெரும்பாலும் 350 மில்லிலிட்டரே. தாய்மையைத் தெய்வமென மேடைதோறும் முழங்கும் நாட்டில், ஒரு தாய் இரத்தமின்றி மாள்வதைக் காட்டிலும் வெட்கக்கேடு வேறுண்டோ? வீட்டார் பழிப்பதை நிறுத்தட்டும். வாலிபர்கள் கை நீட்டட்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியைத் தயாராக வைக்கட்டும். இம்மூன்றும் கூடினால் காப்பாற்றக்கூடிய உயிர்கள் பல.