வாழையடி வாழை போதுமா?

மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலில் அர்ச்சனை முடிந்து தட்டு திரும்பி வந்ததும், அதிலுள்ள வாழைப்பழத்தை உரித்துப் பாருங்கள். நடுவில் சின்னஞ்சிறு கரும்புள்ளிகள் இருக்கும், விதை இராது. விதையில்லாத பழம் எப்படித் தலைமுறை தலைமுறையாக வருகிறது?

‘வாழையடி வாழையாக’ என்று வாழ்த்துகிறோமே, அதுதான் விடை. தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகிறோம். உண்மையில் அந்தக் கன்று தாயின் பிள்ளையன்று, தாயின் நகலே.

இதன் காரணம் ஒரு கணக்கில் இருக்கிறது. காட்டு வாழையில் 22 குரோமோசோம்கள் உண்டு. பாலணு உண்டாகும்போது அவை 11 ஆகக் குறையும். எப்போதோ ஒரு பாலணு குறையாமல் 22 உடனே வந்து, மற்றொன்றின் 11 உடன் கூடியது, 33 ஆயிற்று. 33-ஐச் சரிபாதியாகப் பிரிக்க முடியுமா? முடியாது. எனவே விதை உருவாவது தடைப்படுகிறது. பூவன், ரஸ்தாளி, மொந்தன், செவ்வாழை யாவும் இத்தகைய மும்மய வாழைகளே.

நகலில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் தோப்பு முழுவதையும் வீழ்த்தும். உலகச் சந்தையை ஆண்ட ‘குரோ மிஷெல்’ வாழை 1960-களுக்குள் பனாமா வாடல் நோயால் அங்கிருந்து மறைந்தது. அதன் இடத்துக்கு வந்தது கேவண்டிஷ். நம் கடைகளில் தொங்கும் ‘ஜி-9’ அந்தக் குடும்பமே. இன்று டி.ஆர்.4 என்னும் புதிய வாடல் பூஞ்சை கேவண்டிஷையும் தாக்குகிறது. இந்தியாவில் பீகாரில் அது கண்டறியப்பட்டுள்ளது.

2012-ல் விஞ்ஞானிகள் காட்டு வாழை இனமொன்றின் மரபணுத் தொகுதியைப் படித்து, சுமார் 36,500 ஜீன்களைக் கண்டனர். “எல்லாவற்றையும் படித்தாயிற்றே, பழைய ரகங்கள் இனி எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். என் கருத்து நேர்மாறானது. எழுத்தைப் படிப்பது வேறு, பொருளை அறிவது வேறு. எந்த ஜீன் எந்த நோயை எதிர்க்கும் என்பதைச் செடியை வளர்த்துச் சோதித்தே உறுதி செய்ய முடியும். செடியே அழிந்துவிட்டால் எதைச் சோதிப்பது?

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், காட்டு வாழையிலிருந்து எடுத்த ஒரு ஜீனைக் கேவண்டிஷில் சேர்த்து, டி.ஆர்.4-ஐ எதிர்க்கும் வாழையை உருவாக்கினர். 2024-ல் அதைப் பயிரிட அந்நாடு அனுமதி தந்தது. அந்த ஜீனைச் சோதனைச்சாலை படைக்கவில்லை. விதை நிறைந்த, தின்ன உதவாத ஒரு வாழை அதைக் காட்டில் காத்து வைத்திருந்தது!

திருச்சியில் 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பல ரகங்களைச் சேகரித்துக் காத்து வருகிறது. அந்தப் பொறுப்பை அதன் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமா? விதையில்லாத பயிர் தானாகப் பரவாது. மனிதன் நட்டால்தான் உண்டு. வாங்குவோர் இல்லாத ரகத்தை உழவர் எத்தனை நாள் நடுவார்?

மாணவர்களே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஜி-9 உடன் நின்றுவிடாதீர்கள். மொந்தனும் பச்சைநாடானும் கற்பூரவல்லியும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இடமிருந்தால் ஒரு கன்று நடுங்கள். வாழையடி வாழை நல்ல வாழ்த்துதான்; ஆனால் அது பலவகை வாழையாக இருக்கட்டும்.