பேச்சிப்பாறை இன்னொரு கொடைக்கானல் ஆக வேண்டாம்

பேச்சிப்பாறையைச் சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை குமரி மாவட்டத்தில் ஓய்வதே இல்லை. படகுக் குழாம், பூங்கா, விடுதிகள் என்று பட்டியல் நீளும். மலை இருக்கிறது, ஏரி மாதிரி நீர்ப்பரப்பு இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்கிறார்கள். கேட்பவர்கள் மனதில் இருப்பது கொடைக்கானல்.

கொடைக்கானல் ஏரி 1863-இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி உருவாக்கியது. நிற்பதற்கென்றே தேக்கிய தண்ணீர் அது. பேச்சிப்பாறைத் தண்ணீரோ வயலுக்கு இறங்கிப் போவதற்காகத் தேக்கியது. திருவிதாங்கூரின் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-இல் அணையைத் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நின்று பார்ப்பவர்கள் குறைவு.

கோதையாற்றுப் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் முதல் தேதி அணை திறக்கும், பிப்ரவரிக் கடைசியில் மூடும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களும் இந்தக் கணக்கில்தான் விளைகின்றன. அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. நாகர்கோவிலில் தேநீர்க் கடைப் பத்திரிகையைப் பிரித்ததும் பேச்சிப்பாறை எத்தனை அடி, பெருஞ்சாணி அணை எத்தனை அடி என்று பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பிப்ரவரி வரை தண்ணீர் வயலுக்குப் போய்விடுவதால், கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வருகிறவர் காண்பது பல ஆண்டுகளில் வற்றிய விளிம்பு, வெடித்த சேறு, மரக்குற்றிகள். தண்ணீர் ததும்பும் மாதங்களிலோ மழையும் அட்டையும் உண்டு. நீர்மட்டம் 42 அடியைத் தாண்டிவிட்டால் கீழே ஆற்றங்கரையில் வெள்ள எச்சரிக்கை. உபரி நீர் திறந்தால் அதே ஆற்றின் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை. அணையில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று சுற்றுலாக்காரர் கேட்கத் தொடங்கினால், அது வயலுக்குப் போகும் தண்ணீரில்தான் கை வைக்கும்.

அங்கே வசிக்கிறவர்களின் கணக்கு வேறு. சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் ரப்பர். வெளிச்சம் வருமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போவார்கள். பட்டையில் சரிவாக ஒரு கீறல், அதன் கீழே சிரட்டை. துளித்துளியாக இறங்கும் பால் வெயில் ஏறினால் குறைந்து நின்றுவிடும். மழையில் பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குப் போகாது, மரத்தோடு வழிந்து வீணாகும். மழையங்கியாகப் பிளாஸ்டிக் கட்டிய மரங்களைத் தவிர மற்றவற்றில் அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை. அணை நிறைவதைப் பார்த்து கீழே நாஞ்சில் நாட்டு விவசாயி மகிழ்கிற அதே வாரத்தில் இங்கே கடையில் கடன் ஏறும். படம் எடுக்க வருகிறவருக்கு இது தெரிய வழியில்லை. திட்டம் போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அணைநீரின் அக்கரையில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. தச்சமலை, தோட்டமலை போன்ற ஊர்களுக்கு இந்தத் தண்ணீர்தான் பாதை. பள்ளிக்கும் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வள்ளம் ஏற வேண்டும். நமக்கு உல்லாசப் படகு தோன்றுகிற இடத்தில் அவர்களுக்குத் தோன்றுவது, பிரசவ வலி ராத்திரியில் வந்தால் என்ன செய்வது என்பது.

சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும். காணிகளே வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் இருந்து சம்பாதிக்கிற அளவில் வரட்டும். மரச்சீனிக் கிழங்கும் மீனும் மட்டிப்பழமும் அவர்களே விற்கட்டும். வனவிலங்குச் சரணாலயக் காட்டின் ஓரத்தில் கான்கிரீட் விடுதிகள் கட்ட இடம் தேட வேண்டாம். கொடைக்கானலில் விதி மீறிக் கட்டியவற்றை இடிக்க நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது.

படகுத்துறை கட்டுவதென்றால் பாசனப் பொறியாளர் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கரையில் நிலையான படிக்கட்டு போட்டால் கோடையில் அது தண்ணீருக்கு எங்கோ மேலே தொங்கும். சேற்றில் இறங்கி நடந்துதான் வள்ளம் பிடிக்க வேண்டும். நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைத்துறை வேண்டும், இக்கரையில் ஒன்று, அக்கரைக் குடியிருப்புகளில் சில. உயிர்காப்புச் சட்டையோடு அரசுப் படகு காலையில் பள்ளி நேரத்துக்கு ஒன்று, மாலையில் ஒன்று. இரவு அவசரத்துக்கு ஓட்டுநருடன் ஒன்று தயாராக நிற்கட்டும். இடைப்பட்ட நேரத்தில் அதே படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக் கட்டணம் வாங்கலாம், டீசல் செலவுக்கு ஆகும்.

– கட்டுரையாளர், ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்